அக்கரை வாசமும் திரும்பும் உரிமையும்

அந்நிய தேசமொன்றில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்ற ஒருவன், அத்தேசத்தின் எல்லையைத் தாண்டாது அங்கேயே தொழில் செய்தும் வரி செலுத்தியும் அண்டை அயலாரோடு கலந்து பழகியும் வாழ்ந்து வரும் வரையில், அவனுடைய உரிமையைப் பற்றி வினவுவார் பெரும்பாலும் இலர். தாய் தந்தையரைக் காணவோ, தங்கையின் விவாகத்தை முன்னிட்டோ, பூர்விக நிலத்தைப் பற்றிய வழக்கொன்றைத் தீர்க்கவோ அவன் சொந்த ஊர் சென்று சில மாதம் தங்கி, மீண்டும் அத்தேசத்தின் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ வந்து இறங்கும்போதுதான், ‘நீர் இங்கே குடியிருப்பவர் என்பதற்கு அத்தாட்சி என்ன?’ என்ற கேள்வி எழுகின்றது. நிரந்தர வாச அட்டை இன்னும் கைக்கு வாராமலோ, காலாவதியாகியோ, களவு போயோ இருப்பின், அதற்கு ஈடாகத் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்ட ஒரு முத்திரையையோ கடிதத்தையோ நம்பியே அவன் பிரயாணப்பட வேண்டியிருக்கின்றது. நிரந்தரமான உரிமைக்குத் தற்காலிகமான சாட்சி என்னும் இந்த நிலை எவ்வாறு தோன்றிற்று, அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை, அதனை நீதியோடு பொருத்துவதற்கு வழி உண்டா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சியைத் தூத்துக்குடிக் கரையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஓர் இரவுப் பிரயாணத்தில் கொழும்பை அடையக்கூடிய இக்கரையின் மக்கள், சீட்டு எதுவும் கேட்கப்படாத காலத்தையும், சீட்டே சகலமும் ஆகிவிட்ட காலத்தையும் ஒரே நூற்றாண்டுக்குள் கண்டவர்கள். ஒரு சீட்டு, உரிமையொன்று உண்டென்பதற்குச் சாட்சியாக நிற்கலாம். அல்லது அச்சீட்டே உரிமையாகி, அதன் கெடு முடிந்தவுடன் உரிமையும் முடிந்து போகலாம். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாத சட்டங்கள் எத்தனை குடும்பங்களைக் கரைக்கும் கடலுக்குமாக அலைக்கழித்தன என்பதற்கு இக்கடல்வழியின் சரித்திரமே சான்றாகும்.

சீட்டில்லாத கடல்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் நெடுங்காலமாக ஒரே தொழிலுலகத்தின் இரு பகுதிகளாக இருந்தன. மன்னாரை அடுத்த சிலாவத்துறையிலோ மறிச்சுக்கட்டியிலோ முத்துச் சலாபம் நடைபெறும் என்று இலங்கை அரசாங்கம் அறிவிக்கும் ஆண்டுகளில், தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் பரதவரும் முஸ்லிம்களுமாகிய முத்துக்குளிப்போர் தோணிகளில் புறப்பட்டுச் சென்று, வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கென்று எழுப்பப்பட்ட ஓலைப் பட்டணத்தில் தங்கி, எடுத்த சிப்பியில் தமக்குரிய பங்கைப் பெற்றுக்கொண்டு, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிச் சலாபத்துக்குக் கூடியவர்கள் பல்லாயிரவர். அவர்களிடம் வாசத்துக்கு அத்தாட்சி கேட்க வேண்டிய அவசியம் எழவில்லை; ஏனெனில் அங்கே தங்கிவிடுவதாக அவர்களும் சொல்லவில்லை, தங்கிவிடுவார்களென்று அரசாங்கமும் கருதவில்லை.

தங்கியவர்கள் வேறு வகையினர். 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டிய பின்னர், சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பிரதான மார்க்கம் இவ்வூராயிற்று. கரையோரம் ஆழமற்றதாகையால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட, பிரயாணிகள் சிறு கலங்களில் சென்று அவற்றில் ஏறினர். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களை ஓட்டியதும் இந்த வழியில்தான். பரதவரும் நாடார்களும் காயல்பட்டினத்து முஸ்லிம்களும் கொழும்பில் கடை வைத்தனர். கடைக்கு வேண்டிய கணக்குப்பிள்ளையையும் சிப்பந்தியையும் ஊரிலிருந்தே தருவித்துக் கொண்டனர். தொழில் அக்கரையில், மனைவி மக்கள் இக்கரையில் என்பது அவர்களிற் பலருக்கு இயல்பான வாழ்க்கைமுறையாக அமைந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வந்து, சில மாதம் தங்கித் திரும்பும் அம்மனிதர்கள் இருவேறு தேசங்களுக்கிடையே பிரயாணம் செய்வதாக எண்ணியிருக்க மாட்டார்கள். 1949 நவம்பர் வரையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே செல்லப் பாஸ்போர்ட்டோ விசாவோ தேவைப்படவில்லை.

கழுத்தில் தொங்கிய அத்தாட்சி

ஆயினும் சீட்டு என்பது அறவே இல்லாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. ஏழைகளுக்கு அது முன்பே இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளிகள் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறுவதற்குத் ‘துண்டு’ என்று வழங்கிய கடிதம் ஒன்று வேண்டியிருந்தது. இன்ன தொகைக் கடனைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் அக்கடிதம், மனிதனுடைய வாசத்துக்குச் சாட்சியாகாமல், அவன் பட்ட கடனுக்குச் சாட்சியாக நின்றது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட தகரச் சீட்டு முறையிலோ, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையொன்று தொழிலாளியின் கழுத்தில் தொங்கியது. அதைக் காட்டினால் முகாமில் சோறும் இரயிலில் இடமும் கிடைக்கும், செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும்.

கொள்ளை நோய்க்கு அஞ்சி இத்தொழிலாளிகளைச் சில நாள் தனித்து வைத்துப் பரிசோதிக்கும் முகாம் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி–தலைமன்னார் மார்க்கம் ஏற்பட்ட பின்னர், மண்டபம் முகாம் அவ்விடத்தைப் பெற்றது. இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கத்தாரின் நிர்வாகத்தில் நடந்த அம்முகாமே, எல்லையென்பது கடலின் நடுவில் மட்டும் இராமல் கரையேறுமுன்பே வந்து நிற்கக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம். எனினும் இச்சீட்டுகள் யாவும் ஒருவனை அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பதற்காக ஏற்பட்டவை. அவன் அங்கே உரியவனா என்று அவை கேட்கவில்லை. உழைப்பு வேண்டியிருந்த காலத்தில் உரிமையைப் பற்றிய வினா எழாதிருந்ததில் வியப்பில்லை.

மாதக் கணக்கு

வாக்குரிமை வந்தபோது அவ்வினாவும் உடன் வந்தது. அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய்ந்து 1928இல் வெளியான டோனமூர் கமிஷனின் அறிக்கை, இலங்கையில் ஐந்தாண்டு வசித்தவருக்கே வாக்குரிமை என்று யோசனை கூறியபோது, அவ்வைந்தாண்டுக்குள் மொத்தம் எட்டு மாதத்துக்கு மேற்படாத தற்காலிக வெளிவாசத்தை மன்னிக்கலாம் என்றும் சேர்த்துரைத்தது. 1931ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளில், இலங்கையைத் தாயகமாகக் கொண்டவர் என்று காட்ட இயலாத இந்தியர்க்கு ‘நிரந்தர வாசச் சான்றிதழ்’ என்னும் வழியொன்று திறக்கப்பட்டது. ஐந்தாண்டு வாசத்தையும், அங்கேயே குடியிருக்கும் எண்ணத்தையும் அதிகாரியிடம் நிரூபித்து, இந்தியத் தொழிலாளர்க்குச் சட்டம் அளித்திருந்த விசேஷப் பாதுகாப்புகளையும் விட்டுக்கொடுக்க ஒருவன் ஒப்பினால் அச்சான்றிதழ் கிடைக்கும். நிரந்தர வாசத்துக்கு அரசாங்க அத்தாட்சி என்பது இக்கடல்வழியில் இவ்வாறு பிறந்தது. அதனோடு கூடவே, ஊருக்குச் சென்று வருவதை மாதக் கணக்கில் எண்ணும் வழக்கமும் பிறந்தது.

தடை எப்போதும் அக்கரையிலிருந்தே வந்தது என்று கொள்வதும் பிழையாகும். இலங்கை அரசாங்கம் தன் இலாகாக்களில் தினக்கூலி பெற்ற இந்தியர்களை 1939இல் விலக்கியபோது, அதற்குப் பதிலாக இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து கூலித் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடுத்தது. மானத்தைக் காக்க எடுத்த நடவடிக்கைதான். ஆனால் தோட்டத்திலிருந்து ஊரைப் பார்க்க வந்தவர் திரும்பிச் செல்லவும் அது தடையாயிற்று. ஆகவே அங்கே இருந்தவர் ஊர் வருவதற்கே அஞ்சினர். ஊர் வந்து திரும்புவோர்க்கேனும் வழிவிட வேண்டுமென்று 1942இல் அத்தடை தளர்த்தப்பட்டது.

சுதந்திர இலங்கையின் சட்டங்கள் இக்கணக்கை மேலும் கூர்மையாக்கின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளியை ஆதாரமாகக் கொண்டமையால், தோட்டத் தொழிலாளராகிய மலைநாட்டுத் தமிழர்களிற் பெரும்பாலோரை ஒரே வீச்சில் வெளியே நிறுத்தியது. அவர்களுக்கென்று இயற்றப்பட்ட 1949ஆம் ஆண்டின் இந்திய–பாகிஸ்தானிய வாசிகள் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வசித்திருக்க வேண்டும் என்றது. ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத வெளிவாசம் இடைவெளியாகக் கருதப்படாது என்று அது அனுமதித்தது உண்மையே. ஆனால் விண்ணப்பதாரனுடைய மனைவியும், விவாகத்துக்குப் பின் குறித்த காலத்துக்குள் இலங்கைக்கு வந்து, இடைவிடாது அங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அது விதித்தது. குடும்பத்தைத் திருநெல்வேலிச் சீமையில் வைத்துவிட்டுக் கொழும்பில் முப்பது வருஷம் கடை நடத்திய வியாபாரிக்கு இந்நிபந்தனை அடைத்த கதவேயாகும். பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கமுள்ள சமூகத்தில், தலைப்பிள்ளைப் பேற்றுக்குச் சென்ற பெண் நோய்வாய்ப்பட்டோ யுத்தகாலத் தடையாலோ ஓராண்டுக்கு மேல் தங்க நேர்ந்தால், அது கணவனுடைய நிரந்தர எண்ணத்துக்கே விரோதமான சாட்சியாக மாறக் கூடியதாயிருந்தது. 1951 ஆகஸ்டு 5ஆம் தேதிக் கெடுவுக்குள் சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. இச்சட்டங்களால் வாக்குரிமை பறிபோனதை எதிர்த்துக் கொடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கும் 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோல்வியுற்றது.

சீட்டே உரிமையான காலம்

பிரஜாவுரிமைச் சட்டங்கள் மனிதனை வகைப்படுத்தின என்றால், 1949 நவம்பரில் அமுலுக்கு வந்த குடிவரவு–குடியகல்வுச் சட்டம் அவனுடைய நாட்களை அளந்தது. பிரஜையல்லாதவர் இலங்கையில் இருப்பதற்கு விசாவோ, தற்காலிக வாச அனுமதிச் சீட்டோ பெறவேண்டும் என்றாயிற்று. இருபது முப்பது ஆண்டுகளாகக் கொழும்பில் தொழில் செய்தவருடைய கையிலும், கெடு குறித்துப் புதுப்பிக்க வேண்டிய ஒரு சீட்டே எஞ்சியது. முன்பிருந்த சான்றிதழ், ‘இவர் இங்கே நிரந்தரமாக வசிப்பவர்’ என்று நடந்ததை எடுத்துரைத்தது. இப்போது வந்த சீட்டோ, ‘இவர் இன்ன தேதி வரையில் வசிக்கலாம்’ என்று நடக்கப்போவதற்கு வரம்பு கட்டியது. முன்னது வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த சாட்சி. பின்னது அதிகாரியின் பேனாவிலிருந்து பிறந்த அனுமதி. சீட்டின் கெடுவுக்குள் ஊர் சென்று மீளாதவன், காகிதமொன்றைப் புதுப்பிக்கத் தவறினவனாக மட்டும் கருதப்படவில்லை. தன் கடையையும் வாடிக்கையையும் பாதி வாழ்நாளையும் அக்கரையில் விட்டுவிட்டு இக்கரையில் நிற்பவனானான். சட்டவழி குறுகவே, இரவில் தோணியேறிச் செல்வோர் தோன்றினர். அவர்களுக்கு ஏற்பட்ட ‘கள்ளத்தோணி’ என்ற பெயரை, கடலையே காணாது மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்மீதும் ஏற்றி ஏசும் கொடுமை அதன்பின் பரவிற்று.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியப் பாஸ்போர்ட்டுப் பெற்றவர்கள், தாம் பிறந்த தோட்டத்து லயத்திலேயே, கப்பலேறும் நாள்வரையில் செல்லத்தக்க வாச விசாவுடன் காத்திருந்தனர். பிறந்த மண்ணில் தற்காலிக வாசியாகவும், கண்டறியாத மண்ணில் நிரந்தரப் பிரஜையாகவும் ஒருவனை ஆக்கிய இந்த விசித்திரத்தைக் காட்டிலும், சீட்டுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரத்தை விளக்கும் உதாரணம் வேறு வேண்டுவதில்லை. 1980களில் கலகம் மூண்டு கப்பல் போக்குவரத்து நின்றபோது, புறப்பட வேண்டியவர் பலர் புறப்படாமலே தங்கினர்.

இவ்வரலாற்றின் பிற்பகுதி சிறிது ஆறுதல் தருவது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் பிரஜாவுரிமை என்று 2003இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. கலவரங்களுக்கு அஞ்சித் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து முகாம்களில் வாழ்ந்தவர்களுடைய வாசம் இதனால் அறுபட்டதாகாதவாறு 2009இல் அதற்குத் திருத்தமும் செய்தது. வெளியே இருந்த மாதங்களை மட்டும் எண்ணி வந்த சட்டம், வெளியேறியதன் காரணத்தையும் கேட்கலாயிற்று.

வெளியுலகத்தின் விதிகள்

இலங்கையில் நேர்ந்ததற்கு நேர்மாறான விபத்து இங்கிலாந்தில் நேர்ந்தது. காலனி நாடுகளிலிருந்து வந்து 1973க்கு முன் குடியேறியவர்க்கு, 1971ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தர உரிமையை அளித்தது. ஆனால் அதற்குரிய காகிதம் எதையும் எல்லோருக்கும் வழங்கவில்லை. அவர்களுடைய வருகையைக் காட்டும் பழைய இறங்குகைச் சீட்டுகளை உள்துறை இலாகா 2010இல் அழித்தும் விட்டது. கரீபியத் தீவுகளுக்கு உறவினரைக் காணச் சென்ற முதியவர் சிலர் திரும்பி வர இயலாமற் போயினர் என்ற செய்தி 2018இல் வெளியாகிப் பெருங்கிளர்ச்சியை உண்டாக்கிற்று. ‘விண்ட்ரஷ்’ விவகாரம் என்று பேர்பெற்ற இது, சாட்சியில்லாத உரிமையும் பிரயாணத்தில் பயன்படாது என்பதைக் காட்டுகின்றது. ஆதலின் சீட்டையே ஒழித்துவிட வேண்டுமென்று வாதிப்பதும் பொருந்தாது.

இவ்விரண்டுக்கும் நடுவழியைத் தேடியவற்றுள் அமெரிக்க முறை கவனிக்கத்தக்கது. அங்கே புதிதாக வந்திறங்கும் குடியேறியின் பாஸ்போர்ட்டிலுள்ள விசாமீது வைக்கப்படும் வருகை முத்திரை ஓராண்டுக்கு நிரந்தர வாசத்தின் தற்காலிக அத்தாட்சியாகும். ‘பச்சை அட்டை’ எனப்படும் நிரந்தர வாச அட்டை கெட்டுப்போனவர்க்கோ, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்க்கோ பாஸ்போர்ட்டில் வேறொரு முத்திரையும் இடப்படுவதுண்டு. அட்டை புதுப்பிக்க மனுச் செய்தவருடைய ரசீதே, 2024 செப்டம்பர் முதல், பழைய அட்டையின் ஆயுளை 36 மாதம் நீட்டிக் காட்டுகின்றது. அட்டை காலாவதியானதால் வாச உரிமை காலாவதியாவதில்லை என்பது இங்கே அடிப்படைக் கொள்கை. கிரயப் பத்திரம் தொலைந்தது கொண்டு நிலம் தொலைந்ததாகாது அன்றோ? ஆயினும் அங்கும் மாதக் கணக்கு உண்டு: ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே தங்கியவருக்கு அட்டை நுழைவுச் சீட்டாகப் பயன்படாது, இரண்டாண்டு வரை செல்லத்தக்க மறுபிரவேச அனுமதியைப் பெற விரும்புவோர், நாட்டை விட்டுப் புறப்படுமுன்பே மனுச் செய்தாக வேண்டும். மெக்சிகோவுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் சென்று திரும்பிய சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரின் வழக்கில், சிறிய, தீய நோக்கமற்ற பிரயாணத்தைப் புதிய நுழைவாகக் கருதலாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. இக்கடலில் லட்சக்கணக்கானோரைப் பங்கிடுவதற்கு இரு சர்க்கார்கள் கையொப்பமிட்டது அதற்கு அடுத்த ஆண்டில் என்பது நினைக்கத்தக்கது.

ஏனைய நாடுகளைச் சுருங்கச் சொல்லலாம். கனடாவில் ஐந்தாண்டில் இரண்டாண்டு வாசம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் வாச உரிமை நிரந்தரமானது. ஆனால் வெளியே சென்று திரும்பும் வசதி ஐந்தாண்டுக்கே தரப்பட்டுப் பின்பு தனியே புதுப்பிக்கப்பட வேண்டும். சிங்கப்பூரில் மறுபிரவேச அனுமதியின்றி வெளியே தங்கியவர், நிரந்தரவாசி என்னும் அந்தஸ்தையே இழக்க நேரிடும். நம்மவர் பெருவாரியாகச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தில், பொதுவாக ஆறு மாதம் வெளியே இருந்தால் வாச விசா முடிந்துவிடும். உரிமையையும் சீட்டையும் முற்றிலும் பிரித்த நாடு, இரண்டையும் ஒன்றாக்கிய நாடு என்னும் இரு துருவங்களுக்கிடையே இவை வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன.

இவையனைத்துக்கும் பொதுவான இன்னொரு சிக்கலும் உண்டு. தக்க பத்திரமில்லாதவரை ஏற்றி வந்தால் போக்குவரத்துக் கம்பெனிக்கே அபராதம் என்ற விதி பல நாடுகளிலும் இருப்பதால், ஒருவருடைய தற்காலிக முத்திரை செல்லுமா செல்லாதா என்று முதலில் தீர்மானிப்பவர் அந்நாட்டுக் குடிவரவு அதிகாரி அல்லர். சென்னையிலோ கொழும்பிலோ விமானக் கம்பெனியின் மேஜையருகே நிற்கும் சிப்பந்தியே. மண்டபம் முகாமைப் போல, எல்லை மீண்டும் இக்கரைக்கே வந்துவிட்டது. இங்கிலாந்து 2024இன் முடிவோடு வாச அட்டைகளைக் கைவிட்டு மின்பதிவுக்கு மாறியதும் இச்சிக்கலைத் தீர்த்து விடவில்லை. பதிவில் பிழையிருப்பின், கையில் காட்டுவதற்குக் காகிதமும் இல்லாத நிலையில் பிரயாணி நிற்க வேண்டியிருக்கும்.

முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கொள்கைகள் பெறப்படுகின்றன. முதலாவது, தற்காலிகச் சீட்டு உரிமைக்குச் சாட்சியாக இருக்க வேண்டுமேயன்றி உரிமையின் அளவுகோலாக இருத்தலாகாது. அதன் கெடு முடிந்தால் சாட்சியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மேல் விளைவு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டாவது, சீட்டு இழந்தவன் தான் வாழ்ந்த வாழ்க்கையின் மற்றத் தடயங்களாகிய வரி ரசீதையும், பள்ளிப் பதிவையும், சம்பளக் கணக்கையும் காட்டித் தன் உரிமையை நிலைநாட்ட, அவன் சிக்கிக்கொண்ட கரையிலேயே, அந்நாட்டுத் தூதரகத்தில் வழி இருக்க வேண்டும். மூன்றாவது, வெளிவாசத்தின் அளவைச் சட்டம் எண்ணுமாயின், நோயும் பேறும் கலகமும் தடையுத்தரவும் ஆகிய காரணங்களையும் அது கேட்க வேண்டும். 2009இல் இலங்கைப் பாராளுமன்றம் அவ்வாறு கேட்டிருக்கின்றது. ஆகவே அது செய்ய முடியாத காரியமன்று.

இக்கொள்கைகள் எங்கும் நிறைவேறும் வரையில், பிரயாணிக்கு ஜாக்கிரதையே துணை. புறப்படுமுன் மறுபிரவேச விதிகளை அறிதலும், முத்திரையின் கெடுவுக்குச் சில வாரம் முன்னரே திரும்புமாறு பயணத்தை வகுத்தலும், பத்திரங்களின் நகலை இரு கரையிலும் வைத்தலும் அவன் செய்யத்தக்கவை. ஆனால் ஜாக்கிரதை அவன்மீது மட்டும் சுமத்தப்படும் கடமையாக இருத்தல் நியாயமன்று. அட்டையை அச்சிட்டுக் கொடுப்பதில் தாமதிக்கும் காரியாலயமே தாமதத்துக்குப் பொறுப்பாளி. அதன் தாமதத்தால் விளைந்த தற்காலிகத்தன்மையைப் பிரயாணியின் உரிமைமீது ஏற்றிக் கணக்கிடுவது, கடன் கொடுத்தவனின் கணக்குப் பிழையைக் கடன்பட்டவன் தலையில் கட்டிய பழைய துண்டு முறையையே வேறு உருவில் உயிர்ப்பிப்பதாகும். தாயை அடக்கம் செய்வதற்கு ஊர் சென்றவனை, அந்தப் பிரயாணத்தையே ஆதாரமாக வைத்து, ‘நீ இங்கே நிலைத்திருக்க எண்ணியவன் அல்லன்’ என்று கூறும் சட்டம் எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருந்தாலும் நீதியாகாது.